சீன கல்டிவேஷன் நாவல்கள்: விடவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை. ஏன்?

நூல்வண்டு:

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் தம்பி சொல்லித்தான் சீன வலைநாவல் பக்கம் வந்தேன், அதிலும் கல்டிவேஷன் கதைகள். தவம், மருந்து, பயிற்சி என்று நாயகன் படிப்படியாகப் பலம் கூட்டி, சாகாநிலையைத் தேடிப் போகிற வகை. முதலில் எடுத்தது 'பேட்டில் த்ரூ தி ஹெவன்ஸ்'. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், போனில், ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன்.

ஆரம்பமே என்னைப் பிடித்துக்கொண்டது. ஷியாவ் யான் என்ற பதினைந்து வயதுப் பையன் பலத்தை அளக்கிற சோதனைக் கல்லில் கை வைக்கிறான். வெறும் மூன்றாம் படி என்று கல் காட்டுகிறது. சுற்றி நிற்கிற சொந்தக்காரக் கூட்டம் சிரிக்கிறது. சில வருஷம் முன்னால் இதே கூட்டம்தான் அவனை மேதை என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது. அடுத்து, அவனுக்கு நிச்சயித்த பெண் நாலான் யான்ரான் தன் மடத்துப் பெரியவரோடு வீட்டுக்கு வந்து, அவன் அப்பா முன்னிலையிலேயே நிச்சயத்தை முறிக்கச் சொல்கிறாள். அந்த அப்பா கோபத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பையன் தானே விலக்குச் சீட்டு எழுதி, கையைக் கீறி, ரத்தத்தில் உள்ளங்கையைப் பதித்து நீட்டுகிறான். மூன்று வருஷத்தில் உன் மலைக்கே வந்து மோதுகிறேன் என்கிறான்.

அவன் மலையேறி அவளை வெல்கிற வரைக்கும் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னவோ ஆகிவிட்டது. புது ஊர், புதுப் பள்ளி, அப்புறம் இன்னும் பெரிய நிலப்பரப்பு. எங்கே போனாலும் அதே திமிர் பிடித்த பணக்கார வீட்டுப் பிள்ளை, அதே ஏலம், வாயைப் பிளந்து நிற்கும் அதே கூட்டம். தள்ளித் தள்ளித்தான் படிக்கிறேன், ஆனால் மூடி வைக்கவும் மனசு வரவில்லை.

இதை வெறும் பகல்கனவு என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. இதில் ஏதோ ஒன்று எனக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. அது என்ன, அது எங்கே காணாமல் போகிறது என்று நிறையப் படித்தவர்கள் சொல்லுங்களேன்.


மலைப்பாதை:

நூல்வண்டு, உங்களுக்குச் சலித்த அதே இடத்தில்தான் எனக்குத் தெரிந்த பலருக்கும் சலித்தது. அதற்குக் கதைக்கு வெளியே ஒரு காரணம், உள்ளே ஒரு காரணம்.

வெளிக்காரணம் பணம். இந்த நாவல் சிதியான் என்ற சீனத் தளத்தில் 2009 முதல் 2011 வரை தொடராக வந்தது. 2003இலேயே அந்தத் தளம் அத்தியாயத்துக்குக் கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. கதையின் முன்பகுதி இலவசம். வாசகர் கூட்டம் சேர்ந்ததும் மிச்சமெல்லாம் கட்டணப் பகுதி, ஆயிரம் எழுத்துக்குச் சில ஃபென் என்று கணக்கு. 100 ஃபென் ஒரு யுவான். வாசகர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகிற செலவு வெறும் சில்லறை. ஆனால் எழுத்தாளரின் வீட்டு வாடகை அந்தச் சில்லறையில் இருக்கிறது, அதுவும் எழுத்தை எண்ணித்தான் வரும். மாதம் முழுக்க நாள் தவறாமல் எழுதினால் தனியாக ஒரு ஊக்கத்தொகை. தாங் ஜியா சான் ஷாவ் என்ற எழுத்தாளர், வருஷக்கணக்கில் ஒரு நாள்கூட விடாமல் அத்தியாயம் போட்டதற்காகவே பெயர் வாங்கியவர்.

இப்போது நீங்கள் சொன்ன ஏலத்தைப் பாருங்கள். பலம் கூட்டுகிற ஒரு மாத்திரை மேடைக்கு வரும். விலை ஏறும். மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய வீட்டுப் பிள்ளை ஒரே தாவலில் இரண்டு மடங்கு கேட்பான். நாயகன் அதற்கு மேல் கேட்பான். அரங்கம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுக்கும். பின்வரிசைக் கிழவர் ஒருவர் அந்தப் பிள்ளையின் வம்சம், அவன் தாத்தாவின் பலம் எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவார். ஏலம் முடிவதற்குள் மூன்று அத்தியாயம் ஓடிவிடும். வெளியே வந்ததும் வழிமறித்துச் சண்டை, அது இன்னொரு நான்கு. ரொம்ப யோசிக்காமல் எழுதக்கூடிய பக்கங்கள் இவை. காய்ச்சலில் கிடக்கிற நாளிலும் எழுதியாக வேண்டிய ஒருவரை இவைதான் காப்பாற்றுகின்றன. படிக்கிற நமக்கு அலுப்பாக இருந்தாலும், அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

உள்காரணம்தான் முக்கியம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். அப்பா முன்னால் நடந்த அவமானம் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்ட பற்று. மலைமேல் நடந்த சண்டை அதற்கான வரவு. அன்றைக்கு உங்கள் பேரேடு நேராகிவிட்டது. ஆனால் கதை நிற்கக்கூடாது. அதனால் ஆசிரியர் புதுப்புதுப் பற்றாக எழுதிக்கொண்டே போகிறார், முகம் தெரியாதவர்களின் பெயரில். அந்த அப்பாவின் முகம் நமக்குத் தெரியும். பதினெட்டாவது ஊரில் வருகிற பணக்காரப் பிள்ளை யாரென்று நமக்கு என்ன தெரியும்?

சரி, உங்களுக்குத் தேவைப்படுவது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். நான் சீனாவில், டோங்குவான் நகரத்தில் ஒரு மோல்டு ஆலையில் வேலை பார்த்தவன். சாப்பாட்டு வரிசை, ஆலை பஸ், விடுதிக் கட்டில் என்று எங்கே பார்த்தாலும் போனில் இந்தக் கதைகள்தான். எனக்குப் பக்கத்து மெஷினில் ஹூனான் மாகாணத்துக்காரர் ஒருவர், நாற்பதை நெருங்குகிற வயது. ஒரு கையில் சாப்பாட்டுக் குச்சி, இன்னொரு கையின் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழம்பு ஆறி எண்ணெய் கட்டினாலும் தலை நிமிர மாட்டார். என்ன கதை என்று கேட்டால் கதையைச் சொல்ல மாட்டார், நாயகன் இப்போது எந்தப் படியில் இருக்கிறான் என்பதைச் சொல்வார். மூச்சுப் பயிற்சி முடிந்தது, அடித்தளம் போட்டாயிற்று, அடுத்தது பொற்கரு என்று. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அவர் மகன் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். குடும்பப் பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் காவ்காவ் எழுத வேண்டும், அதனால் பையனைக் கூடவே வைத்துக்கொள்ள முடியவில்லை. காவ்காவ் என்பது அங்கே கல்லூரி நுழைவுத்தேர்வு, 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் அதற்குப் பதிவு செய்தார்கள். அதைத் தாண்டி நல்ல கம்பெனியில் நுழைந்தவர்களுக்கும் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள் என்று வேலை. அதற்கு 996 என்றே பெயர். 2019இல் அலிபாபா நிறுவனர் ஜாக் மா அது கிடைப்பதே ஒரு பாக்கியம் என்று பேசி, பெரிய சர்ச்சையானது. உழைப்பு என்னவோ நிறைய இருக்கிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

கல்டிவேஷன் கதையில் அது தெரிகிறது. குகைக்குள் பத்து வருஷம் உட்கார்ந்தால் பத்து வருஷமும் வரவில் ஏறும். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் கமிஷன் வாங்க ஆள் கிடையாது. நம்மில் எத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் இது உண்மை? உங்களுக்குப் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இதைப் பிடித்திருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இதை நேர்மையாகச் செய்த நாவல் ஒன்று சொல்கிறேன். வாங் யூ எழுதிய 'எ ரெக்கார்ட் ஆஃப் எ மார்ட்டல்ஸ் ஜர்னி டு இம்மார்டாலிட்டி', 2008இல் தொடங்கி 2013இல் முடிந்தது. நாயகன் ஹான் லீ ஏழைக் கிராமத்துப் பையன். பிறவித் திறமையும் கிடையாது. தவத்துக்கான பிறவித் தகுதியை இந்தக் கதைகளில் வேர் என்பார்கள், இவனுக்கு நான்கு தன்மைகள் கலந்த மட்டமான வேர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கையில் கிடைத்தது ஒரு சின்னப் பச்சைக் குப்பி. ராத்திரியில் வெளியே வைத்தால் ஒளிப்புள்ளிகள் அதைச் சுற்றிச் சேரும், சில நாளில் உள்ளே ஒரு சொட்டு ஊறும். அது என்னவென்று தெரியாமல் முதலில் முயலுக்குக் கொடுத்துப் பார்க்கிறான், முயல் செத்துப்போகிறது. பிறகு மூலிகைமேல் விட்டால், வருஷக்கணக்கில் முதிர வேண்டிய செடி சீக்கிரமே முதிர்ந்து நிற்கிறது. வேறு கதையாக இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் ஊரையே விலைக்கு வாங்கியிருப்பான். ஹான் லீ பயப்படுகிறான். இது வெளியே தெரிந்தால் உயிர் மிஞ்சாது என்று குப்பியை ஒளிக்கிறான், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடுகிறான், சந்தேகம் வந்தால் அந்த ஊரையே விட்டு ஓடுகிறான்.

அவன் கொடுக்கிற விலையையும் ஆசிரியர் மறைப்பதில்லை. தவப்பாதைக்குப் போவதற்கு முன் ஊருக்கு வருகிறான், அன்றைக்குத் தங்கைக்குக் கல்யாணம். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிடுகிறான். ஆயுள் நீண்டுகொண்டே போகிறவனுக்கும் அறுபது எழுபதில் போய்ச் சேர்கிறவர்களுக்கும் நடுவில் அன்றைக்கே கோடு விழுந்துவிட்டது. இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் அத்தியாயத்தில் எனக்கு மறக்காதது இந்த இடம்தான். சண்டைகளில் பாதி மறந்துவிட்டது.

குறையும் இதே வேரிலிருந்து முளைக்கிறது. எல்லாவற்றையும் படியாக அளக்கிற உலகத்தில் மற்ற மனிதர்கள் மிதித்து ஏறுவதற்கான கல்லாகிவிடுகிறார்கள். 'பேட்டில் த்ரூ தி ஹெவன்ஸ்' ஆரம்பத்தில், நாயகனின் சொந்த நாடான ஜியா மா பேரரசில், தோ ஹுவாங் என்ற உயர்ந்த படியில் ஒருவர் இருந்தால் நாடே மரியாதை கொடுக்கும். அதே படிக்காரர்கள், கதை பின்னால் போகிற மத்திய சமவெளி என்ற பெரிய நிலப்பரப்புக்குப் போனால் பேர்கூடச் சொல்லத் தேவையில்லாத ஆட்கள். முன்னால் நாம் பயந்த, மதித்த அத்தனை பேரும் பின்னோக்கிச் சிறுத்துப்போகிறார்கள். இன்னும் மோசமான நாவல்களில், ஒருவன் அவமதித்தான் என்று அவன் வம்சத்தையே அழித்துவிட்டு, பின்னால் பழிவாங்க ஆள் மிஞ்சக்கூடாது என்று நாயகன் நியாயம் சொல்வான். நாமும் அதற்குத் தலையாட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போவோம். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். பலமில்லாதவனை மிதிக்கிறார்கள் என்ற கோபத்தில் தொடங்கிய கதை, பலமுள்ளவன் மிதிக்கலாம் என்று முடிவது எனக்குத் தாங்கவில்லை.


கயல்:

மலைப்பாதை அண்ணா சொன்னதில் நாலான் யான்ரான் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பேச வேண்டும். அந்தக் காட்சி எனக்கும் பிடித்தது, ஆனால் நான் அவள் பக்கம் நின்றுதான் படித்தேன். தாத்தாக்கள் சேர்ந்து பேசி முடித்த சம்பந்தம். அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு இது வேண்டாம் என்று அவள் சொல்வதில் என்ன தப்பு? பெரிய மடத்தின் பலத்தைக் காட்டி, பெரியவர் முன்னால் அப்படிச் செய்த முறைதான் தப்பு. இந்த இரண்டையும் நாவல் ஒன்றாகக் குழப்பி, அவள் மறுத்ததையே பாவமாக்கிவிடுகிறது. நம் வீடுகளில் இப்படி மறுத்துவிட்டு வருஷக்கணக்கில் பேச்சு வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அதனால் அந்த மலைமேல் நடந்த வெற்றி எனக்கு முழுசாக இனிக்கவில்லை.

பெண்கள் விரும்பிப் படிக்கிற பக்கத்தில் இது சரியாகிவிட்டதா என்றால், பாதிதான். 2003இல் தொடங்கிய ஜின்ஜியாங் தளத்தில் எழுதுபவர்களும் படிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பக்கத்தில் ஓடுகிற மறுபிறவிக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புகுந்த வீட்டில் வஞ்சிக்கப்பட்டுச் செத்தவள், கல்யாணத்துக்கு முந்தைய வயதில் கண் விழிப்பாள். இந்தத் தடவை யாரை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். வாய் திறக்காமல் இருந்த ஒவ்வொரு இடத்திலும் இப்போது பேசுவாள். அதைப் படிக்கும்போது வருகிற நிம்மதியை வேறு எந்த எழுத்தும் எனக்குத் தரவில்லை. ஆனால் அங்கேயும் எதிரி யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுவிட்ட தங்கை, சின்னம்மா, இல்லையென்றால் இன்னொரு மனைவி. இந்த ஏற்பாட்டை உண்டாக்கிய அப்பாவும் மாமனாரும் கடைசிவரை மரியாதையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்காலியை அசைக்கிற எழுத்தாளர் கிடைத்தால் நான் விடிய விடியப் படிப்பேன்.


கடலோடி:

நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறேன். நீளம் குறை என்று எல்லோரும் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. துறைமுகத்தில் நெட் கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்வேன், அப்புறம் கரை தெரிகிற வரைக்கும் அதுதான் துணை. முந்நூறு பக்க நாவல் எனக்கு ஒரு வாரம்கூட வராது. ஷிப்ட் முடிந்து, காதில் எஞ்சின் சத்தம் அடங்காமல் படுத்திருக்கும்போது, கூர்மையான இலக்கியத்தை உள்வாங்கத் தலை இடம் கொடுக்காது. அதே ஏலம், அதே கூட்டம் வருவது அந்த நேரத்துக்கு இதம். நிறையப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள். நாள் பூராவும் கவனமாக இருக்க வேண்டிய வேலை பார்ப்பவனுக்கு, கவனம் கேட்காத கதை ஒரு பெரிய உதவி.

உலகம் பெரிதாகிக்கொண்டே போவதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஹான் லீ யூ நாட்டை விட்டுச் சிதறிய நட்சத்திரக் கடலுக்குப் போய்ச் சேரும்போது, இத்தனை நாள் நாம் உலகம் என்று நினைத்தது ஒரு மூலைதான் என்று தெரிகிறதே, அதில் எனக்கு உண்மையான பிரமிப்பு வந்தது.

இன்னொன்று. இந்தக் கதைகளில் வருகிற மாத்திரை, உலை, பாதரசம், நீண்ட ஆயுள் எல்லாம் வானத்திலிருந்து குதித்தவை இல்லை. சீனாவின் பழைய தாவோயிச சமயத்து ரசவாதத்திலிருந்து வந்தவை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் அமுத மருந்துகளைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். குளிகை, காயகல்பம், அட்டமாசித்தி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. நம் போகருக்கும் சீனாவுக்கும் தொடர்பு சொல்கிற கதைகள் சித்தர் மரபில் இருக்கின்றன. பழனிக்காரனான எனக்கு இந்த நாவல்களில் மருந்து உலை வருகிற பகுதிகளில் தனி ஆசை.


நூல்வண்டு:

மூன்று பேருக்கும் நன்றி. கயல், நான் அந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், யான்ரான் பக்கத்திலிருந்து யோசிக்கவே இல்லை. இனி அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தாக வேண்டும்.

மலைப்பாதை அண்ணா, ஒரு சந்தேகம். படி, பலம் எல்லாம் இருந்தும் மற்ற மனிதர்கள் கல்லாகிப்போகாத நாவல் உண்டா? இல்லை, இந்த வகைக்கே அது முடியாத காரியமா? அப்புறம், காசு கொடுத்துப் படிக்கிற முறைதான் பிரச்சினை என்றால், இலவசமாகக் கொடுக்கிற இடங்களில் எழுத்து மேலாக இருக்கிறதா?


மலைப்பாதை:

உண்டு. 'லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸ்', 2018 முதல் 2020 வரை அதே சிதியான் தளத்தில், அதே தினசரித் தொடராக வந்ததுதான். அங்கே பலம் கூட வேண்டுமென்றால் ஒரு திரவத்தைக் குடிக்க வேண்டும். குடித்தால் பைத்தியம் பிடிக்கவோ அரக்கனாக மாறவோ வாய்ப்பு உண்டு. மேலே போகப் போக ஆபத்தும் கூடும். அதனால் நாயகன் க்ளைன் ஒவ்வொரு படியையும் ஆசையோடும் நடுக்கத்தோடும்தான் ஏறுகிறான். அதைவிட எனக்குப் பிடித்தது வீட்டுக் காட்சிகள். அண்ணன் பென்சன், தங்கை மெலிசா, மூன்று பேர் சம்பளத்தையும் செலவையும் பென்னி பென்னியாகப் பேசுகிற மேசை. ரொட்டி என்ன விலை, வாடகை எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பின்னால் அவன் எவ்வளவு உயரம் போனாலும், அந்த மேசை எட்டாமல் போகிறதே என்ற தவிப்பு கூடவே வரும். காசு வாங்கும் முறை அதேதான், விளைவு வேறு. அதனால் முறையை மட்டும் குற்றவாளியாக்க என்னால் முடியாது.

இலவசம் பற்றி: 2018, 2019 வாக்கில் விளம்பரத்தில் ஓடுகிற செயலிகள் வந்தன, டிக்டாக்கை நடத்திய பைட்டான்ஸ் நிறுவனத்தின் ஃபான்ச்சியே அதில் பெரியது. வாசகருக்குச் செலவில்லை, ஆனால் அங்கே நீங்கள் திரையில் தங்குகிற நேரம்தான் காசு. அதனால் முதல் பக்கத்திலேயே அவமானம், மூன்றாம் பக்கத்திலேயே பழிவாங்கல் என்று வேகம் இன்னும் கூடிவிட்டது. மூன்று வருஷம் காத்திருந்து மலையேறுகிற பொறுமைக்கு அங்கே இடம் குறைவு.

எழுதுகிறவர்கள் இதையெல்லாம் பேசாமல் சகித்துக்கொண்டும் இருக்கவில்லை. 2020இல் சிதியானை நடத்துகிற யுவென் நிறுவனத்தின் ஒப்பந்தம் பதிப்புரிமையைப் பறிக்கிறது என்று கொதித்து, மே 5 அன்று யாரும் அத்தியாயம் போட வேண்டாம் என்று எழுத்தாளர்கள் அழைப்பு விடுத்தார்கள். தினம் எழுதினால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர்கள் ஒரு நாள் எழுதாமல் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். பிறகு நிறுவனம் ஒப்பந்தத்தை மாற்றியது. நான் இப்போது படிப்பதற்குக் காசு கொடுக்கிற இடங்களிலேயே படிப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

கடலோடி, இதத்துக்குப் படிப்பதை நான் மறுக்கவே மாட்டேன். வம்சத்தோடு அழிக்கிற இடங்கள் மட்டும் எனக்கு இதமாக இல்லை.


கடலோடி:

அந்த இடங்களை நானும் வேகமாகத் தள்ளிவிடுவேன், அதில் உங்களோடு சேர்கிறேன்.

நூல்வண்டு, ஹான் லீ கதையைத் தொடங்குவதாக இருந்தால் நாவலிலிருந்தே தொடங்குங்கள். அனிமேஷன் 2020இல் வந்தது, 2025இல் யாங் யாங் நடித்த தொடரும் வந்துவிட்டது. இரண்டும் பார்க்க அழகு. ஆனால் மோ வைத்தியரிடம் ஹான் லீ மாட்டிக்கொண்டு, அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளையும் ஓட்டுகிற அந்த ஆரம்பப் பகுதி, நிதானமாகப் படித்தால்தான் ஏறும். மேஜிக் அதிகம் இல்லையே என்று நடுவில் விட்டுவிடாதீர்கள். வைத்தியர் விஷயம் முடிகிற வரைக்கும் படித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.